எழுத்தறிவு இயக்கத்தில் வட்டார வழக்கு: களத்தில் இறங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படம் போட்ட அட்டையை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டேன். தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு. இரவு எட்டு மணி. பாயில் ஏழெட்டுப் பெண்கள். "வாரியல்" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்தவர். அட்டையில் படத்துக்குக் கீழே "துடைப்பம்" என்று அச்சாகியிருந்தது. நான் கொங்குப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சீமாறு. ஆனாலும் அட்டைக்குக் கட்டுப்பட்டு, "இல்லை அக்கா, துடைப்பம்" என்று திருத்தினேன். அவர் சரியென்று தலையாட்டினார். வகுப்பு முடியும்வரை அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. மறுநாள் வரவுமில்லை.

முப்பது வருடம் கையில் பிடித்த பொருளின் பெயரையே தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருவரை நினைக்கவைத்த பிறகு, அ, ஆ எங்கே ஏறப்போகிறது? வாருவது என்பது அந்தப் பெண்ணின் பிழைப்பு. பாத்தியில் உப்பு வாருகிறார். வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை வாருகிறார். விடிந்ததும் வாசலை வாருகிறார். வாருகிற பொருள் வாரியல். இதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு பல மாவட்டங்களில் தன்னார்வலராகவும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருபவனாகவும் இருந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களில் 73.44. கன்னியாகுமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றபோது தருமபுரி 70-ஐத் தொடவில்லை. இன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தன்னார்வலர்கள் வகுப்பு எடுக்கிறார்கள். பாடநூல் மாநிலத்துக்கே ஒன்றுதான். அதை ஊருக்கு ஊர் பேசவைப்பது தன்னார்வலரின் வேலை.

தொடங்கும் முன் ஒரு கொள்கை முடிவு

"வட்டார வழக்கில் பிரசாரம்" என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது சுவரொட்டி. ஊர்ப் பேச்சில் நாலு வரி எழுதி ஒட்டிவிட்டால் மக்கள் ஓடிவந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. கொஞ்சம் நின்று யோசியுங்கள்: எழுதப் படிக்கத் தெரியாதவரை அழைக்கச் சுவரொட்டியா? அதைப் படிக்கப்போவது அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளை. அந்தப் பிள்ளை தன் பாட்டியின் பேச்சு அச்சில் வந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கும். பாட்டி அதைக் கேட்டுக் கூசிப்போவார்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி இது. ஊர் வழக்கு காதுக்கு. அழைக்க, பாட, நாடகம் போட, விவாதிக்க, விளக்கிச் சொல்ல. கண்ணுக்குப் போவது ஏட்டுத் தமிழ், வாசிக்க, எழுத. இரண்டுக்கும் பொதுவாக நிற்பவை பெயர்ச்சொற்கள். உப்பு, வலை, மடை, கண்மாய், சுளகு போன்றவற்றை ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதலாம். ஏட்டுத் தமிழும் அவற்றைத் தள்ளாது. வினைச்சொற்களில்தான் பேச்சும் எழுத்தும் பிரிகின்றன.

கற்க வருபவர்களே இதைத்தான் விரும்புகிறார்கள். நாற்பது வயதில் ஒருவர் இரவு வகுப்புக்கு வருவது தன் பேச்சை எழுத்தில் பார்த்து மகிழ்வதற்கல்ல. பஸ் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, வங்கிச் சலான், மகளின் கல்யாணப் பத்திரிகை இவற்றைப் படிக்க வருகிறார். இவை எதுவும் அவர் ஊர் வழக்கில் இல்லை. "எங்களுக்கு மட்டும் ஏன் கொச்சையாகச் சொல்லித்தருகிறீர்கள், பிள்ளைகள் படிப்பதைச் சொல்லித்தாருங்கள்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம்.

முதல் படி: காது கொடுத்துச் சொல் பொறுக்குவது

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊருக்குள் நுழையுங்கள். கையில் ஒரு சின்ன நோட்டு. நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை, குடிதண்ணீர்க் குழாயடி, நடவு வயல், மீன் ஏலம் போடும் கரை, பீடி சுற்றும் திண்ணை. இங்கெல்லாம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். "இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால், படித்தவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துத்தான் பதில் வரும். வேலையைப் பாருங்கள், கூடமாட உதவுங்கள். சொல் தானாக வந்து விழும்.

1963-இல் பிரேசிலின் வடகிழக்கே ஆங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயரேயும் அவர் குழுவினரும் செய்ததும் இதுதான். மக்களோடு பேசி, அவர்கள் வாழ்க்கையில் கனமான சொற்களைப் பொறுக்கினார்கள்; அந்தச் சொற்களைக் கொண்டே சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தைக் கற்பித்தார்கள். ஃபிரேயரே முறையை விளக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் சொல் செங்கல். போர்த்துகீசில் மூன்று அசை. ஒவ்வோர் அசையையும் பிரித்து, அதன் உயிர் வரிசையை அடுக்கி, புதுச் சொற்கள் கட்டச் சொல்வார்கள். மறு ஆண்டு ராணுவ ஆட்சி வந்ததும் ஃபிரேயரேயைப் பிடித்துச் சிறையில் போட்டது. செங்கல் என்று எழுதத் தெரிந்தவன் அடுத்து என்ன கேட்பான் என்பது ஆட்சியாளருக்குப் புரிந்திருக்கிறது.

நம் ஊரில் இந்த வழி புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாவட்டம் மாவட்டமாக நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் நாட்டுப்புறக் கலைஞர்களும் இறங்கினார்கள். அந்த இயக்கத்தில் பணியாற்றிய பேராசிரியர் ச. மாடசாமி மக்களிடமிருந்து சொலவடைகளைத் திரட்டினார். சொல்லித்தரப் போன இடத்தில் கேட்டு எழுதிக்கொள்வது என்ற அந்தத் திருப்பம்தான் எனக்கு இன்றும் வழிகாட்டி.

நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: சொல், பொருள், யார் சொன்னது (வயது, தொழில், தெரு), ஏட்டுத் தமிழில் அதற்கு உள்ள சொல். மூன்றாவது பத்தியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அச்சிலும் உதவி உண்டு. கரிசல் பகுதிக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, கொங்குப் பகுதிக்குப் பெருமாள்முருகனின் சொல்லகராதி. நூலகத்தில் புரட்டிவிட்டுப் போனால் காது கூர்மையாகும். ஆனால் அகராதியில் இருக்கிறது என்பதற்காக ஊரில் இன்று வழங்காத சொல்லைக் கொண்டுபோய்ப் போட்டால், தாத்தா வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லும் ஊர் வழக்குதான். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் "தீப்பெட்டி ஆபீஸ்". அதைத் தொழிற்சாலை என்று எழுதி வாசிக்கச் சொன்னால் அது வேறெங்கோ இருக்கும் கட்டடம். அரசு அறிக்கையில் மிதிவண்டி, தெருவில் சைக்கிள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டை அறிவொளியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகியதும் சைக்கிளைத்தான்.

இரண்டாம் படி: சலிப்பது

பொறுக்கியதையெல்லாம் மேடையேற்றக் கூடாது. மூன்றாவது பத்திக்கு இங்கேதான் வேலை. வட்டார வழக்கு என்று நாம் பொதுவாகச் சொல்வது பல ஊர்களில் ஒரு சாதியின் வழக்கு. அதே ஊரில் கிழக்குத் தெருவில் அப்பாவின் அம்மாவுக்கு ஒரு சொல், மேலத் தெருவில் வேறு சொல். நீங்கள் மேலத் தெருச் சொல்லை "ஊர்ப் பேச்சு" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், கிழக்குத் தெருக்காரர்களுக்கு வகுப்பு யாருக்கு என்பது சொல்லாமலே புரிந்துவிடும். இரண்டு தெருவிலும் வழங்கும் சொல்லை மட்டும் பொதுவுக்கு எடுங்கள். மற்றவை அந்தந்தத் தெரு வகுப்பில் இருக்கட்டும்.

விளிச்சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு தடவை நெல்லைப் பக்கம் எங்கள் வீதி நாடகத்தில் அதிகாரி வேடம் போட்ட இளைஞர், வழக்கில் பேசுகிறேன் என்று கூட்டத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து "ஏளா" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தச் சொல் அங்கே தோழிகளுக்குள் செல்லம். தாய் மகளைக் கூப்பிடும்போது உரிமை. வெளியூர் ஆண் வாயிலிருந்து வந்தால் அது பண்ணையார் குரல். நாலைந்து பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அடுத்த காட்சி வரை மற்றவர்கள் இருந்தது, நாடகம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அழுததால் மட்டுமே. நாங்கள் அன்றிரவே போய் மன்னிப்புக் கேட்டோம். அதன் பிறகு விளிச்சொல், உறவுச்சொல், வசைச்சொல் மூன்றையும் வெளியூர்க்காரர் வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஒரே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதும் உண்டு. "ஆச்சி" நெல்லையில் பாட்டி. செட்டிநாட்டில் மரியாதைக்குரிய பெண்மணி. "ஆயா" சில ஊர்களில் பாட்டி, நகரத்தில் பாலர் பள்ளியில் வேலை செய்பவர். "கறி" என்றால் பெரும்பாலான ஊர்களில் இறைச்சி. பாசன நீர்நிலை மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், வட மாவட்டங்களில் ஏரி, நெல்லை குமரியில் குளம். சென்னையில் அச்சடித்த கையேட்டில் "ஏரிக்கரையில் கூடுவோம்" என்று இருந்தால், ராமநாதபுரத்தில் அதைப் படித்துக்காட்டும் முன்பே மாற்றிவிடுங்கள்.

இயக்கத்தின் பெயரையும் சலித்துப் பாருங்கள். "முதியோர் கல்வி" என்ற பழைய பெயரால் எத்தனை பேர் வராமல் போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை. முப்பது வயதுப் பெண்ணை முதியோர் வகுப்புக்கு வா என்றால் வருவாரா? "கைநாட்டு" என்ற சொல்லைப் பாட்டில் வைத்துக் கேலி செய்வதும் அப்படித்தான். விரல் உருட்டுவது அவமானம் என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கியில் மைப்பெட்டியை நகர்த்திவைப்பவர் முகத்திலேயே அதைப் படித்திருக்கிறார்.

மூன்றாம் படி: சொல்லை எழுத்தாக்குவது

வகுப்பின் உயிர் இதில்தான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். 12 உயிர், 18 மெய், கால், கொம்பு, கொக்கி, சுழி என்று சில குறிகள். அவ்வளவுதான் கைக்குப் பழக வேண்டியவை. எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது என்பது கேள்வி. வாசிப்பு முறை தெரிந்தவர்கள் "பட்டா" போன்ற சொல்லைச் சொல்வார்கள். மூன்றே எழுத்து, நேரான கோடுகள், கால் ஒழுங்கான குறி. நிலமில்லாதவருக்கும் நிலம் உள்ளவருக்கும் பேச விஷயம் இருக்கும் சொல். நல்ல தேர்வு. ஆனால் உப்பளத்தில் நான் "உப்பு" என்பதில் தொடங்கினேன்.

முறைப்படி பார்த்தால் அது தவறான தேர்வு. உகர வரிசைதான் தமிழ் எழுத்திலேயே முரண்டு பிடிப்பது. கு, டு, பு, து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. என்றாலும் அன்று நடந்தது இது. கரும்பலகையில் "உப்பு" என்று பெரிதாக எழுதினேன். எழுத்தைப் பிரிக்கவில்லை, முழுச்சொல்லாக மட்டும் விரலை ஓட்டிப் படித்தோம். கீழே "அடுப்பு" எழுதினேன். "கடைசியில் இருப்பது மேலே இருப்பதுதானே?" என்றார் ஒருவர். ஆமாம், "ப்பு". பிறகு வரிசையாக வந்தது: பருப்பு, செருப்பு, இடுப்பு. ஒவ்வொன்றிலும் முன்னால் உள்ள எழுத்துதான் புதிது, வால் தெரிந்ததே. "செருப்பு" வந்ததும் பேச்சு பாத்தியில் வெறுங்காலோடு நிற்பதற்குப் போனது; உப்புநீரில் ஊறிய பாதத்தைத் தூக்கிக் காட்டினார் ஒருவர். "இடுப்பு" வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கடுப்பு எழுதுங்க சார்." இடுப்புக் கடுப்பு. எழுதினேன். வாசித்தார்கள். சிரித்தார்கள். அந்த ஒரு இரவில் அவர்கள் உ, அ, இ, டு, ரு, செ, ப், பு, க எல்லாவற்றையும் கண்ணால் தொட்டிருந்தார்கள். ஒன்றையும் நான் "பாடம்" என்று நடத்தவில்லை. அந்தச் சொற்கள் தானாகக் கோத்துக்கொண்டு வந்தவை.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு கோவையைத் தேடுங்கள். ஊர் நோட்டிலிருந்து இருபது பெயர்ச்சொற்களை எடுங்கள். மூன்று நான்கு எழுத்துக்கு மேல் போகாதவை, ஒன்றில் உள்ள எழுத்து அடுத்ததில் திரும்ப வருபவை, பேச்சைக் கிளப்பக்கூடியவை. கடற்கரையில் வலை, விலை, அலை. ஏலத்தில் விலையைச் சொல்வது யார் என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். வயற்காட்டில் மடை, படி, நடை. பீடி சுற்றுவோருக்கு இலை, கடை, எடை. எடை என்றதுமே எத்தனை பேர் முகம் மாறுகிறது என்று பாருங்கள். "கண்மாய்" எவ்வளவு பிரியமான சொல்லாக இருந்தாலும் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். நடுவில் ண்மா, கடைசியில் ய், முதல் வாரத்துக்கு அது பாரம்.

படத்தைக் காட்டிச் சொல் கேட்கும் அட்டை இருந்தால், கற்பவர் சொல்லும் சொல்லை முதலில் எழுதுங்கள். வாரியல் என்றால் வாரியல். அடுத்த மாதம் அதற்குப் பக்கத்தில் "துடைப்பம்" எழுதி, புத்தகத்தில் இப்படியும் இருக்கும் என்று சொன்னால் போதும். கூட்டுமாறு, சீமாறு, விளக்குமாறு என்று மற்ற ஊர்ப் பெயர்களையும் சொல்லிப்பாருங்கள். விளக்குமாறும் சீமாறும் வழங்கும் நாட்டில் தன் சொல்லும் ஒரு சொல் என்பது அவருக்குப் புரியும்.

நான்காம் படி: வாய்க்கும் ஏட்டுக்கும் பாலம்

இரண்டாம் மாதத்தில் ஒரு சிக்கல் வரும். "இலை" என்று எழுதச் சொன்னால் "எலை" என்று எழுதுவார்கள். கிணறு கெணறாகும், விளக்கு வெளக்காகும், உலக்கை ஒலக்கையாகும். இது பிழையல்ல, காது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பேச்சில் சொல்லின் முதலில் வரும் இகரம் பல இடங்களில் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் இளகுவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்; படித்தவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள், பார்த்துப் பழகியதால் இ போட்டு எழுதுகிறார்கள். இதை அப்படியே கற்பவரிடம் சொல்லிவிடுங்கள். "நானும் வெளக்கு என்றுதான் சொல்வேன், எழுதும்போது வி போடுவேன்." சிவப்பு மையால் சுழிப்பதைவிட இந்த ஒரு வாக்கியம் நூறு மடங்கு வேலை செய்யும்.

ழகரம் இன்னொன்று. தென்மாவட்டங்களில் பழம் பலர் வாயில் "பளம்". வடக்கே சில இடங்களில் "பயம்". பயம் என்று அச்சத்தையும் எழுத வேண்டும் என்பதால் இங்கே குழப்பம் உண்மையானது. உச்சரிப்பைத் திருத்த உட்காராதீர்கள். நாக்கு ஐம்பது வயதில் வளையாது, வளைய வேண்டிய அவசியமும் இல்லை. பழம், மழை, வாழை, கிழமை என்று பத்துச் சொற்களை வடிவத்தோடு மனத்தில் பதியவைத்தால் போதும்.

வினைச்சொற்களைக் கடைசியாக எடுங்கள். வாயால் "வருது" என்பவர் கண்ணால் "வருகிறது" என்று வாசிக்கப் பழக, இரண்டையும் சுவரில் இரண்டு பத்தியாக எழுதிவைக்கலாம்; இடப்பக்கம் வீட்டுப் பேச்சு, வலப்பக்கம் புத்தகப் பேச்சு. வீட்டுப் பேச்சுக்கு மேல் "தவறு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய பலகையை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழே வீட்டு மொழி அல்லாதவர்கள் இருப்பார்கள். கிருஷ்ணகிரியில் தெலுங்கு, கன்னடம். விருதுநகர், தேனியில் தெலுங்கு. நீலகிரியில் படகர், இருளர், தோடர், கோத்தர் மொழிகள். அங்கே தமிழ் வட்டார வழக்கும் இரண்டாவது மொழிதான். அந்த மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வகுப்பைத் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: அழைப்பும் பாட்டும் நாடகமும்

தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்லதுதான், பறையடித்துச் சொல்லும் வேலையை ஒரே சாதியின் தலையில் கட்டியிருந்த வழக்கம் அது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி, இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. குரல் பதிவு எழுத்தறியாதவருக்கு வாய்த்த வரம் என்பேன். நாற்பது வினாடிக்குள், அந்த ஊர்ப் பெண் ஒருவர் தன் பேச்சிலேயே பேசியதாக இருக்கட்டும். எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், "ஏன் வகுப்புக்கு வருகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வெளியூர் அறிவிப்பாளர் ஊர் வழக்கைப் போலி செய்வதைவிட, சாதாரணப் பொதுத்தமிழில் பேசுவது எவ்வளவோ மேல்.

பாட்டு வடிவத்தையும் மண் பார்த்து எடுக்க வேண்டும். நெல்லை, குமரியில் வில்லுப்பாட்டு. வட மாவட்டங்களில் தெருக்கூத்து. கொங்கில் உடுக்கைப் பாட்டு. மதுரைப் பக்கம் தெம்மாங்கு. எங்கும் கும்மியும் தாலாட்டும் செல்லும். திருவண்ணாமலையில் வில்லைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேடிக்கை பார்ப்பார்கள், கேட்கமாட்டார்கள். மெட்டு ஊருடையது என்றால் வார்த்தையில் சின்னச் சறுக்கல் இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள்.

நாடகத்தில் ஒரே ஒரு சோதனை: யார் ஊர்ப் பேச்சு பேசுகிறார்? எழுத்தறிவு நாடகங்களில் பெரும்பாலும் ஆசிரியரும் அதிகாரியும் தூய தமிழ் பேசுவார்கள். ஏமாந்து கைநாட்டு வைத்து நிலத்தை இழப்பவர் மட்டும் வட்டார வழக்கில் புலம்புவார். இதைவிட மோசமான பிரசாரம் இல்லை. உன் பேச்சு ஏமாளியின் பேச்சு என்று மேடைபோட்டுச் சொல்வது அது. புத்திசாலிக்கு ஊர் வழக்கைக் கொடுங்கள், சலானை நீட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் பெண்ணுக்கு. ஏமாற்றுகிறவர் பொதுத்தமிழ் பேசட்டும், நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தானே. நகைச்சுவை வேண்டும், ஆனால் சிரிப்பு எவரைப் பார்த்து என்பதை ஒத்திகையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் வகுப்புக்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது. நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் எவ்வளவு இனிமையான வழக்கில் கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள்.

ஆறாம் படி: ஒரு தெருவில் ஒத்திகை

மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகும் முன் ஒரே ஒரு தெருவில் போட்டுப் பாருங்கள். குரல் பதிவை ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டி, "என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் வாக்கியம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தால் சொல் ஏதோ இடறுகிறது என்று பொருள். "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தால் மரியாதைக்குச் சொல்கிறார்கள்.

ஏழாம் படி: கணக்கு

எழுத்தைவிடக் கணக்கில் ஊர் வழக்குக்குப் பலன் சீக்கிரம் தெரியும். காரணம், கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்; குறிதான் தெரியாது. தஞ்சைப் பக்கத்தில் மா, குழி, வேலி என்று நிலம் பேசுவார்கள்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மாவுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று அவர்களே மனக்கணக்காகச் சொல்வார்கள். பீடி 25 சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்று சுற்றுபவரிடம் கேட்டால் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் "நாப்பது" என்பார். அந்த நாற்பதை 40 என்று எழுதக் காட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை. பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலையிலிருந்து தொடங்குவது வீண்.

எட்டாம் படி: அலுவலகச் சொல்லுக்குக் கொண்டுசேர்ப்பது

மூன்றாம் மாதத்திலிருந்து நோட்டின் நான்காவது பத்தியைத் திறங்கள். அவர்கள் பாக்கி என்பதை அறிவிப்பு "நிலுவை" என்கிறது. மனு என்பது "விண்ணப்பம்" ஆகிறது. பணம் வாங்குகிறவர் "பயனாளி". ரேஷன் அட்டைக்குக் "குடும்ப அட்டை" என்று பெயர். இந்தச் சொற்களை விளக்க ஊர் வழக்கைவிட நல்ல கருவி இல்லை. "நிலுவை என்றால் நம் பாக்கிதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது" என்று ஒரு தன்னார்வலர் சொன்னார். அந்த வகுப்பில் யாரும் அதை மறக்கவில்லை. உண்மையான படிவங்களைக் கொண்டுவாருங்கள். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், வங்கிச் சலான், மின்கட்டண ரசீது. முதலில் நன்றாகத் தெரிந்த சொல்லுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு தெரியாததற்கு. வட்டம் போட்ட தெரியாத சொற்கள்தான் அடுத்த வாரப் பாடம். பாடநூல் பக்கம் புரட்டத் தேவையில்லை.

கடைசியாக, அந்த நோட்டு. அதில் உள்ள சொற்கள் அவர்களுடையவை. வகுப்பு முடிகையில் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். சொலவடை, விடுகதை, தாலாட்டு வரி, தொழிற்சொல் எதுவானாலும் சொன்னவரே தன் கையால் எழுதி, கீழே பெயரையும் எழுதட்டும். எத்தனை கோணலாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். உப்பளத்தில் நாங்கள் அப்படி ஒரு நோட்டைச் சேர்த்தபோது, முதல் நாள் நான் திருத்தி அனுப்பிய அக்காவும் வந்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர். நான் முன்பே அட்டவணையில் எழுதிவைத்திருந்த "வாறியல்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "வாருறதுக்கு இந்த ரு தானே, இதுல மட்டும் ஏன் பெரிய ற?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. கோயம்புத்தூர்க்காரனுக்கு அந்தச் சொல்லை எழுதத் தெரியவில்லை. பேனாவைக் கொடுத்தேன், அடித்துவிட்டு, பக்கத்தில் அவரே எழுதினார்.